ஹெச்.ஆர். கூப்பிட்டு "ரிசைன் பண்ணிடுங்க"ன்னு சொன்னா? ஆட்குறைப்பு பத்தி முதல்ல இருந்து

தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் எந்த ஊருக்கு போனாலும் ஓசூர் சிப்காட்லயோ, பர்கூர் போச்சம்பள்ளி ஃபேக்டரிலயோ, இல்ல அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிலயோ வேலை பார்க்கற பசங்க நாலு பேராவது இருப்பாங்க. இதுல பல பேர் வீட்ல முதல் தடவையா மாச சம்பளம் வாங்கறவங்க, அப்பா அம்மா ராகியும் தக்காளியும் போட்டு படிக்க வெச்ச பசங்க. இந்த பசங்க கொஞ்ச காலமா என்கிட்ட கேக்கறது ஒரே கேள்விதான், "மீட்டிங் ரூமுக்கு கூப்பிட்டாங்கண்ணா, நீங்களா ரிசைன் பண்ணிட்டா உங்க ரெக்கார்டுக்கு நல்லது, இல்லைன்னா நாங்க டெர்மினேட் பண்ண வேண்டி வரும்னு சொல்றாங்க, என்னண்ணா பண்றது?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். அந்த ரூம்ல உக்காந்துட்டு எதுலயும் கையெழுத்து போடாதீங்க, ஆன்லைன் போர்ட்டல்ல ரிசைன் பட்டனையும் அமுக்காதீங்க. ஏன் அப்படின்னு புரியணும்னா ஆட்குறைப்புன்னா என்ன, கம்பெனி எதுக்கு அதை பண்ணுது, சட்டம் என்ன சொல்லுது, இதெல்லாம் கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

கம்பெனி எதுக்கு ஆளை குறைக்குதுன்னு பார்த்தா நஷ்டம் மட்டும் காரணம் இல்ல, இது நிறைய பேருக்கு புரியறதே இல்ல. 2020, 2021ல கொரோனா சமயத்துல ஆன்லைன் வியாபாரம் ஏறுச்சு, அந்த ஏத்தம் அப்படியே போகும்னு நெனச்சு பெரிய பெரிய கம்பெனியெல்லாம் ஆளை அள்ளி எடுத்தாங்க. அப்பறம் வட்டி விகிதம் ஏறுச்சு, வளர்ச்சி குறைஞ்சுது, 2022 நவம்பர்ல மெட்டா 11,000 பேரை அனுப்புச்சு, 2023 ஜனவரியில கூகுள் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000, அமேசான் 18,000க்கு மேலன்னு ஒரே மாசத்துல வரிசையா அறிவிச்சாங்க. நம்ம பக்கம் 2025 ஜூலைல டி.சி.எஸ். தன்னோட மொத்த ஆள்ல சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல குறைக்கறோம்னு சொல்லுச்சு. இதுல ஒரு கம்பெனியும் மூடற நிலைமைல இல்ல. செலவை குறைச்சு லாப விகிதத்தை கூட்டி காட்டணும், பங்குதாரருக்கு பதில் சொல்லணும், புது டெக்னாலஜிக்கு பணத்தை திருப்பணும், அதுக்கு இருக்கற வழியிலயே சீக்கிரமா ஆகற வழி சம்பள செலவை வெட்டறது, மெஷினை வித்து பில்டிங்கை காலி பண்ணி மிச்சம் பண்ண வருஷம் ஆகும், ஆளை அனுப்புனா அடுத்த ரிசல்ட்லயே தெரிஞ்சிடும்.

இதை நான் நியாயம்னு சொல்ல வரல. ஆனா எப்படி முடிவு எடுக்கறாங்கன்னு தெரிஞ்சாத்தான் ஒரு விஷயம் மண்டைல ஏறும், லிஸ்ட்ல உங்க பேர் வந்தது உங்க வேலை மோசம்ங்கறதுக்காக இல்லாமயே இருக்கலாம். மேல இருந்து ஒரு தொகை வரும், இத்தனை கோடி குறைக்கணும்னு, அதை டிபார்ட்மென்ட் வாரியா பிரிப்பாங்க, கடைசில ஒரு மேனேஜர் கைக்கு "உன் டீம்ல மூணு பேர்"னு வந்து நிக்கும். அந்த மேனேஜருக்கு யார் நல்லா வேலை பார்க்கறாங்கன்னு தெரிஞ்சா கூட சம்பளம் அதிகம் வாங்கறவங்க பேரைத்தான் எழுத வேண்டி வரும், ஏன்னா அப்பத்தான் தொகை சீக்கிரம் ரொம்பும். பதினஞ்சு வருஷம் உழைச்சு சம்பளம் ஏறுன ஆளுக்கு அந்த ஏறுன சம்பளமே எதிரியாகறது இப்படித்தான்.

அடுத்து பெல் கர்வ். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனிய நடத்துன ஜாக் வெல்ச் பிரபலமாக்குன முறை இது, ஆளுங்கள 20, 70, 10னு மூணா பிரிக்கணும், மேல இருக்கற 20 சதவீதத்துக்கு போனஸ், நடுவுல 70 அப்படியே ஓடட்டும், கீழ இருக்கற 10 சதவீதம் வெளிய. நம்ம கிருஷ்ணகிரி மண்டியில மாங்காய் தரம் பிரிப்பாங்க இல்லீங்களா, அதுல கூட அழுகுனது இருந்தாத்தான் ஒதுக்குவாங்க, இங்க நூத்துக்கு பத்து அழுகலா இருந்தே ஆகணும்னு முதல்லயே முடிவு பண்ணிட்டு கூடையை தொடறாங்க. டீம்ல பத்து பேரும் நல்லா வேலை பார்த்தாலும் ஒருத்தருக்கு கீழ் ரேட்டிங் போட்டே ஆகணும். மைக்ரோசாஃப்ட் 2013லயே இந்த வரிசை போடற பழக்கத்தை விட்டுடுச்சு, ஆனா நம்ம ஊர் கம்பெனி நிறைய இன்னும் ஏதோ ஒரு பேர்ல வெச்சிருக்காங்க. அந்த கீழ் ரேட்டிங் கிடைச்சதும் அடுத்து வரும் பி.ஐ.பி., வேலைத்திறனை முன்னேத்தற திட்டம்னு பேரு, முப்பது நாள் அறுபது நாள்னு டார்கெட் குடுப்பாங்க. நெஜமாவே முன்னேத்தறதுக்காக நடத்தற இடமும் இருக்கு, ஆனா ஆட்குறைப்பு நடக்கற சமயத்துல திடீர்னு வர்ற பி.ஐ.பி. பெரும்பாலும் ஃபைல் தயார் பண்றதுதான், நாளைக்கு யாராவது கேட்டா காட்டறதுக்கு ஒரு பேப்பர் வேணும்.

இப்ப ஆட்கள் ஏன் இவ்ளோ கொதிச்சுப் போறாங்கன்னு வருவோம். வேலை போறது கஷ்டம்தான், ஆனா பேசறப்ப எல்லாரும் முதல்ல சொல்றது பணத்தை பத்தி இல்ல. வருஷக்கணக்கா ராத்திரி ஷிஃப்ட் பார்த்து, பண்டிகைக்கு ஊருக்கு வராம பார்த்து, "நாம எல்லாம் ஒரே குடும்பம்"னு மீட்டிங்ல கேட்டு கேட்டு இருந்துட்டு, ஒரு நாள் காலைல ஐ.டி. கார்டு கேட்ல வேலை செய்யாது, மெயில் லாக் ஆகிடும், கூட இருந்தவங்ககிட்ட சொல்லிட்டு வரக் கூட விடமாட்டாங்க, செக்யூரிட்டி கூடவே நடந்து வருவாரு, பத்து நிமிஷம் பேசறதுக்கு மேனேஜர் வர்றதில்ல, முன்ன பின்ன பார்க்காத ஒரு ஹெச்.ஆர். வந்து எழுதி வெச்சதை படிப்பாங்க. அதுக்கு மேல "உங்க பர்ஃபார்மன்ஸ் சரியில்ல"ன்னு ஒரு முத்திரை வேற. செலவை குறைக்கறோம்னு உண்மையை சொன்னா கூட மனுஷன் தாங்கிப்பான், போன வருஷம் மேடைல கூப்பிட்டு அவார்டு குடுத்துட்டு இந்த வருஷம் உனக்கு வேலை தெரியலன்னு சொன்னா எப்படி தாங்கறது? ஊர்ல போய் என்னன்னு சொல்லுவான்?

மீதி இருக்கறவங்களும் நிம்மதியா இல்ல. போனவங்க வேலையும் இவங்க தலைல, சம்பளம் அதே சம்பளம், அடுத்த ரவுண்டு எப்பன்னு தெரியாது, டவுன்ஹால் மீட்டிங்ல மேல இருக்கறவர் "இது ரொம்ப கஷ்டமான முடிவு"ன்னு சொல்லுவாரு, ஆனா தப்பா கணக்கு போட்டு ஆளை அள்ளி எடுத்த அந்த முடிவுக்கு அவரோட நாற்காலி ஆடறதில்ல. கோபத்தோட வேர் இங்கதான் இருக்குன்னு நான் நம்பறேன், தப்பு பண்ணது ஒரு இடத்துல, தண்டனை இன்னொரு இடத்துல.

சரி, சட்டத்துக்கு வருவோம். பேச்சு வழக்குல லேஆஃப்னு சொல்றோம், ஆனா நம்ம சட்டத்துல லேஆஃப்னா தற்காலிகமா வேலை குடுக்க முடியாம போறது, கரண்ட் இல்ல, கச்சாப்பொருள் இல்ல, ஸ்டாக் தேங்கிடுச்சு, மெஷின் ரிப்பேர், இந்த மாதிரி. பேர் மஸ்டர் ரோல்லயே (கம்பெனியோட ஆள் பதிவேடு) இருக்கும், ஒரு வருஷம் சர்வீஸ் இருந்து, 50 பேர் இல்ல அதுக்கு மேல வேலை பார்க்கற ஃபேக்டரியா இருந்தா பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்த்ததுல பாதி குடுக்கணும். வாகன உதிரி பாகம் பண்ற கம்பெனில பெரிய கம்பெனி ஆர்டர் நின்னா இந்த நிலைமை வரும், நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு பழக்கமான விஷயம். மாம்பழக் கூழ் ஃபேக்டரி மாதிரி சீசனுக்கு மட்டும் ஓடற இடத்துக்கு இந்த பாதி சம்பள விதி பொருந்தாதுங்கறதையும் தெரிஞ்சுக்கங்க, காவேரிப்பட்டணம் பக்கம் நிறைய பேர் இதை கேக்கறாங்க.

மொத்தமா வேலையை விட்டு எடுக்கறதுக்கு பேரு ரிட்ரெஞ்ச்மென்ட், தமிழ்ல ஆட்குறைப்பு. 1947ல வந்த தொழில் தகராறு சட்டம்தான் ரொம்ப காலம் இதுக்கு அடிப்படையா இருந்துச்சு, 2025 நவம்பர் 21ல இருந்து அதோட இடத்துல 2020ல பாஸ் பண்ண தொழில் உறவுகள் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கு. பழசுலயும் புதுசுலயும் அடிப்படை ஒண்ணுதான். ஒழுங்கு நடவடிக்கைல தண்டனையா நீக்கறதை தவிர்த்து முதலாளி எந்த காரணத்துக்காக வேலையை விட்டு எடுத்தாலும் அது ஆட்குறைப்புதான். பழைய சட்டத்துல இருந்த "எந்த காரணமா இருந்தாலும்"ங்கற வார்த்தைய அப்படியே அகலமாத்தான் எடுத்துக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 1976ல சுந்தரமணி வழக்குல சொல்லுச்சு, 1990ல அஞ்சு நீதிபதி பெஞ்சும் அதை உறுதி பண்ணுச்சு. இதுல சேராதது சிலது இருக்கு, நீங்களா விருப்பப்பட்டு போறது, ரிட்டயர்மென்ட், கான்ட்ராக்ட் காலம் முடிஞ்சு புதுப்பிக்காம விடறது, இதெல்லாம். அந்த முதல் விஷயத்தை மறந்துடாதீங்க, "நீங்களா விருப்பப்பட்டு போறது". கம்பெனி உங்ககிட்ட ரிசைன் லெட்டர் கேக்கறதுக்கு காரணமே அதுதான்.

ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிய ஆட்குறைப்பு பண்ணனும்னா காரணம் எழுதி ஒரு மாச நோட்டீஸ் குடுக்கணும், இல்ல அந்த மாச சம்பளத்தை குடுக்கணும். முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் நஷ்டஈடு குடுக்கணும், கடைசி வருஷத்துல ஆறு மாசத்துக்கு மேல ஆகியிருந்தா அதுவும் முழு வருஷமா கணக்கு. அரசுக்கு தெரிவிக்கணும். ஒரே பிரிவுல கடைசியா சேர்ந்தவரை முதல்ல நீக்கணும், மாத்தி நீக்குனா காரணத்தை எழுதி வெக்கணும். அப்பறம் ஒரு வருஷத்துக்குள்ள அதே வேலைக்கு புதுசா ஆள் எடுத்தா முதல்ல உங்களைத்தான் கூப்பிடணும். புது தொகுப்புல இன்னொண்ணும் சேர்த்திருக்காங்க, வேற தொழில் கத்துக்கறதுக்குன்னு ஒரு நிதி, அதுக்கு முதலாளி 15 நாள் சம்பளம் கட்டணும், 45 நாளைக்குள்ள அது உங்க அக்கவுன்ட்டுக்கு வரணும். ஒரு வருஷம் தொடர்ந்துன்னா நடுவுல லீவே போடக்கூடாதுன்னு பயப்படாதீங்க, 12 மாசத்துல 240 நாள் வேலை பார்த்திருந்தா போதும்.

பெரிய ஃபேக்டரிக்கு இன்னொரு பூட்டு இருக்கு, அரசுகிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும், மூணு மாச நோட்டீஸ். 1976ல அவசரநிலை காலத்துல இது வந்தப்ப 300 பேருக்கு மேல இருக்கற இடத்துக்குன்னு இருந்துச்சு, அப்பறம் 100னு குறைச்சாங்க, இப்ப புது தொகுப்புல திரும்ப 300 ஆக்கிட்டாங்க. 150 பேர் 200 பேர் வேலை பார்க்கற உதிரி பாக கம்பெனி ஓசூர்ல நிறைய இருக்கு, அவங்களுக்கெல்லாம் இந்த பூட்டு போயிடுச்சு. எனக்கு இது பெரிய இழப்பாத்தான் தெரியுது. அனுமதிக்கு போற பேப்பர்லதான் கம்பெனி காரணத்தை எழுதி தொழிலாளிக்கும் காட்ட வேண்டியிருந்துச்சு, இப்ப அந்த அளவு கம்பெனில வேலை பார்க்கறவன் நோட்டீஸ்ல எழுதுன காரணம் சரிதானான்னு கேக்க கோர்ட்டுக்குத்தான் போகணும்.

இப்ப கணக்கு போட்டுப் பார்க்கலாம், அப்பத்தான் அந்த கையெழுத்தோட விலை தெரியும். ஒரு தம்பி ஃபேக்டரில ஏழு வருஷம் எட்டு மாசம் வேலை பார்த்திருக்கான், மொத்த சம்பளம் 24,000, அதுல பேசிக் பஞ்சப்படி 16,000னு வெச்சுக்கங்க. ஆட்குறைப்புன்னா எட்டு வருஷமா கணக்காகும், எட்டு பதினஞ்சு 120 நாள், தோராயமா நாலு மாச சம்பளம், 96,000. நோட்டீஸ் சம்பளம் 24,000. பயிற்சி நிதி 12,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனி, 16,000ஐ 15ஆல பெருக்கி 26ஆல வகுத்து எட்டால பெருக்குனா 73,846. மொத்தம் ரெண்டு லட்சத்தை தாண்டிடுச்சு. அதே தம்பி ரூம்ல உக்காந்து "சொந்த காரணங்களுக்காக ராஜினாமா செய்கிறேன்"னு எழுதிக் குடுத்துட்டான்னா அவனுக்கு கிராஜுவிட்டியும் மிச்ச லீவு காசும்தான் சட்டப்படி நிச்சயம், மேல சொன்ன 1,32,000 கம்பெனிக்கு மிச்சம். இதெல்லாம் தோராயக் கணக்குதான், எந்த அலவன்ஸ் சம்பளத்துல சேரும் எது சேராதுன்னு சண்டை இருக்கு, ஆனா வித்தியாசம் எவ்ளோ பெருசுன்னு தெரியுது இல்லீங்களா? காசு மட்டும் இல்ல, ராஜினாமா குடுத்தவரை கம்பெனி நீக்கலைன்னு ஆகிடுது, அப்ப அந்த ஒரே வருஷத்துல புது ஆள் எடுத்தாலும் கேக்க முடியாது, அரசு கணக்குல ஆட்குறைப்பே நடந்த மாதிரி தெரியாது, பேப்பர்லயும் வராது.

மிரட்டி வாங்குன ராஜினாமா செல்லாதுன்னு கோர்ட்ல வாதாடலாம், ஜெயிச்சவங்களும் இருக்காங்க. ஆனா மிரட்டுனாங்கன்னு நிரூபிக்க வேண்டியது நீங்க. நாலு சுவத்துக்குள்ள மூணு பேர் இருந்தாங்க, ரெண்டு பேர் கம்பெனி ஆள், எப்படி நிரூபிப்பீங்க? அதனாலதான் ரூம்லயே நிறுத்தணும்னு சொல்றேன். "யோசிச்சு ரெண்டு நாள்ல பதில் சொல்றேன், நீங்க சொன்னதை மெயில்ல அனுப்புங்க"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துடுங்க, மரியாதையா சொல்லுங்க, கத்த வேண்டாம். மெயில் அனுப்ப மாட்டாங்க. பரவாயில்ல, நீங்க அனுப்புங்க, "இன்னிக்கு இத்தனை மணிக்கு இன்னார் கூப்பிட்டு ராஜினாமா பண்ண சொன்னாங்க, எனக்கு ராஜினாமா பண்ற எண்ணம் இல்ல, வேலைக்கு தயாரா இருக்கேன்"னு ரெண்டு வரி, உங்க சொந்த மெயிலுக்கு ஒரு காப்பி. ஏற்கனவே பயத்துல குடுத்துட்டவங்க இருந்தா, அது அமலுக்கு வர்ற தேதிக்கு முன்னாடி எழுத்துல வாபஸ் வாங்குங்க, பொதுவா அதுக்கு இடம் இருக்கு, ஒரு நாளும் தள்ளிப் போடாதீங்க.

வி.ஆர்.எஸ்.னு ஒண்ணு இருக்கு, விருப்ப ஓய்வு, அது வேற. கம்பெனி ஒரு தொகையை அறிவிச்சு விருப்பம் இருக்கறவங்க வாங்கிட்டு போங்கன்னு சொல்றது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஃபேக்டரி 2014 நவம்பர் 1ல உற்பத்தியை நிறுத்தறதுக்கு முன்னாடி ஆயிரக்கணக்கான பேர் இப்படித்தான் வெளிய போனாங்க, அதுல நிறைய பேர் இருபது சில்லறை வயசு பசங்க. தொகை நல்லா இருந்தா வாங்கறதுல தப்பில்ல, ஆனா மேல சொன்ன கணக்கை போட்டுப் பார்த்து அதை விட நிறைய இருக்கான்னு பாருங்க. சில இடத்துல ஆட்குறைப்பு நஷ்டஈட்டை விட கம்மியா ஒரு தொகையை குடுத்து அதுக்கு பெரிய பேர் வெக்கறாங்க.

"அண்ணா நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர், எனக்கு இந்த சட்டம் பொருந்துமா?"ன்னு கேப்பீங்க. சட்டம் பார்க்கறது உங்க விசிட்டிங் கார்டை இல்ல, நெஜமா என்ன வேலை பார்க்கறீங்கன்னுதான் பார்க்கும். டெக்னிக்கல் வேலை, ஆபரேஷன் வேலை, கிளார்க் வேலை எல்லாம் தொழிலாளிங்கறதுக்குள்ள வரும். நிர்வாகம் பண்றவங்க வரமாட்டாங்க, சூபர்வைசர் வேலைல மாசம் 18,000க்கு மேல வாங்கறவங்க வரமாட்டாங்க. உங்க பதவில மேனேஜர்னு பேர் இருந்தும் ப்ரோக்ராம் எழுதறதும் டெஸ்ட் பண்றதும்தான் வேலை, யாருக்கும் லீவு சாங்ஷன் பண்ற அதிகாரம் கூட இல்லைன்னா நீங்க தொழிலாளின்னு வாதாட நல்ல இடம் இருக்கு. 2015 ஜனவரில ஒரு பெரிய ஐ.டி. கம்பெனி ஆட்குறைப்புல கர்ப்பிணி ஊழியர் ஒருத்தர் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு போனாங்க, அவங்களை நீக்குனதுக்கு கோர்ட் தடை போட்டுச்சு. ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் வெச்சுக்கலாம்னு 2016ல தமிழ்நாடு அரசும் தெளிவா சொல்லிடுச்சு.

தொழிலாளிங்கறதுக்குள்ள வராத சில பேருக்கும் ஒரு கதவு இருக்கு, 1947ம் வருஷ தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம், 41வது பிரிவு. ஆறு மாசம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாச நோட்டீஸும் இல்லாம நீக்க முடியாது, நீக்குனா தொழிலாளர் துறைல அப்பீல் பண்ணலாம். இங்க நம்ம ஜில்லாக்காரங்க ஒரு விஷயத்துல ஏமாறாதீங்க. வீடு ஓசூர்ல, ஆதார் தர்மபுரில, ஆனா ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டின்னா நீங்க போக வேண்டியது கர்நாடக தொழிலாளர் துறைக்கு, ஓசூர் லேபர் ஆபீஸ்ல மனு குடுத்து வாரக்கணக்கா காத்திருந்துட்டு அப்பறம் எங்க எல்லைல வராதுன்னு பதில் வாங்காதீங்க. அங்கயும் 1961ம் வருஷ கடைகள் வணிக நிறுவனங்கள் சட்டத்துல 39வது பிரிவு கிட்டத்தட்ட இதையேதான் சொல்லுது, ஆறு மாசம், நியாயமான காரணம், ஒரு மாச நோட்டீஸ். கர்நாடகால ஐ.டி. கம்பெனிக்கு நிலையாணை சட்டத்துல (வேலை விதிகளை எழுதி வெக்கணும்னு சொல்ற சட்டம்) விலக்கு குடுக்கறப்ப ஒரு நிபந்தனையும் போட்டிருக்காங்க, யாரையாவது நீக்குனா தொழிலாளர் துறைக்கு தகவல் குடுக்கணும்னு. குடுத்தாங்களான்னு கேட்டு ஒரு மனு போடுங்க, அந்த ஒரு கேள்வியே கம்பெனிய பேச்சுக்கு கூட்டிட்டு வர உதவும்.

வெளிநாட்டு கம்பெனில வேலை பார்க்கறவங்க இன்னொண்ணு சொல்லுவாங்க, "தலைமை ஆபீஸ் அமெரிக்கால இருக்கு, அங்க ஒரே நாள்ல தூக்குவாங்களாம், எங்களுக்கும் அதே ரூல்தானாம்". அமெரிக்கால பெரும்பாலும் காரணம் சொல்லாம நீக்கலாம்ங்கறது உண்மைதான், ஆனா அங்கயே 100 பேருக்கு மேல இருக்கற கம்பெனி கூட்டமா ஆளை நீக்குனா 60 நாள் முன்கூட்டி சொல்லணும்னு 1988ல இருந்தே சட்டம் இருக்கு. எப்படி இருந்தாலும் நீங்க வேலை பார்க்கறது இந்தியால, பொருந்தறது இந்திய சட்டம்.

ஃபேக்டரி பசங்களுக்கு வருவோம், இங்கதான் எனக்கு மனசு ரொம்ப கனக்குது. டிப்ளமோ முடிச்சு, ஐ.டி.ஐ. முடிச்சு டிரெய்னியா சேருவான், நிரந்தர தொழிலாளி பண்ற அதே வேலையை அதே மெஷின்ல பண்ணுவான், சம்பளம் பாதி கூட இருக்காது, கான்ட்ராக்டர் பேர் வருஷா வருஷம் மாறும், ஆள் மாறமாட்டான். ஆர்டர் குறைஞ்சா முதல்ல இவனைத்தான் நாளைல இருந்து வர வேண்டாம்பாங்க, ஆட்குறைப்புன்னு எந்த கணக்குலயும் ஏறாது, செய்தியும் ஆகாது. இவங்களுக்காக தமிழ்நாட்டுல 1981ல ஒரு சட்டம் போட்டாங்க, தொழிற்சாலைல 24 மாசத்துல 480 நாள் தொடர்ச்சியா வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கணும்னு. அந்த 480 நாள் ரொம்பறதுக்கு முன்னாடி நிறுத்திட்டு திரும்ப சேர்க்கறதும், பேரை மாத்தி சேர்க்கறதும் இதுக்காகத்தான். அதனால சேர்ந்த நாள்ல இருந்தே பே ஸ்லிப், ஐ.டி. கார்டு ரெண்டு பக்கமும் போட்டோ, பி.எஃப். பாஸ்புக், சம்பளம் ஏறுன பேங்க் ஸ்டேட்மென்ட், ஷிஃப்ட் வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் சேர்த்து வெச்சுக்கங்க, 240ஓ 480ஓ, எந்த நாள் கணக்குக்கும் அதுதான் சாட்சி. அப்ரண்டிஸ் சட்டத்துல ஒப்பந்தம் போட்டு சேர்ந்தவங்க சட்டப்படி தொழிலாளி இல்ல, அவங்களுக்கு இது வராது, அதனால சேர்றப்பவே எந்த பேப்பர்ல கையெழுத்து போடறோம்னு படிச்சுட்டு போடுங்க.

வேலை போனதுக்கு அப்பறம் வர்ற காசு பத்தி சுருக்கமா சொல்றேன். ஊதிய தொகுப்புப்படி கணக்கு முடிக்கறது ரெண்டு வேலை நாளைக்குள்ள நடக்கணும், ராஜினாமா பண்ணாலும் நீக்குனாலும் சம்பள பாக்கிக்கு அதேதான். கிராஜுவிட்டி அஞ்சு வருஷத்துக்குன்னு சொல்லுவாங்க, நாலு வருஷம் முடிஞ்சு அஞ்சாவது வருஷத்துல 240 நாள் இருந்தாலே போதும்னு மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லியிருக்கு, கால வரையறை போட்டு வேலைக்கு எடுத்தவங்களுக்கு புது சமூக பாதுகாப்பு தொகுப்புல ஒரு வருஷமே போதும். ஈ.எஸ்.ஐ.ல (தொழிலாளர் காப்பீடு) இருந்தவங்களுக்கு அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனான்னு ஒரு திட்டம் 2018ல இருந்து இருக்கு, வேலை இல்லாத காலத்துல சராசரி தினக்கூலில பாதி, அதிகபட்சம் 90 நாள், ஆயுசுல ஒரே தடவை. தவறு செஞ்சதுக்காக நீக்கப்பட்டவங்களுக்கும் வி.ஆர்.எஸ். வாங்குனவங்களுக்கும் கிடையாது. அப்பப்ப காலத்தை நீட்டிச்சு நீட்டிச்சு ஓட்டற திட்டம்ங்கறதால கிளை ஆபீஸ்ல கேட்டுட்டு விண்ணப்பிங்க. பி.எஃப். பணத்தை முழுசா உருவிடாதீங்க, முக்கியமா பென்ஷன் பங்கை, பத்து வருஷ சர்வீஸ் சேர்ந்தாத்தான் மாச பென்ஷன் வரும், அடுத்த கம்பெனிக்கு மாத்திக்கறதுதான் நல்லது. கம்பெனி குடுத்த மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கடைசி நாளோட போயிடும், வீட்ல வயசானவங்க இருந்தா அது முடியறதுக்கு முன்னாடியே தனி பாலிசியா மாத்திக்க முடியுமான்னு அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிகிட்ட கேளுங்க. ஆட்குறைப்பு நஷ்டஈட்டுல அஞ்சு லட்சம் வரைக்கும் வருமான வரி விலக்கு இருக்கு, சட்டம் சொல்ற தொகை அளவுக்கு. ராஜினாமான்னு எழுதிட்டா இந்த விலக்குக்கும் வழி இருக்காது.

சண்டை போட எல்லாருக்கும் தெம்பு இருக்காது, வீட்டு லோன் இருக்கும், குழந்தை ஸ்கூல் ஃபீஸ் இருக்கும், அடுத்த வேலை கைல இருக்கும், அவங்க ரிசைன் பண்ணிட்டு போனா நான் தப்பு சொல்லமாட்டேன். அப்படி போறதா இருந்தா கூட சும்மா போகாதீங்க, பேரம் பேசுங்க. கம்பெனிக்கு உங்க கையெழுத்து வேணும், அது உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு, போட்டதுக்கு அப்பறம் பேச ஒண்ணும் இல்ல. எத்தனை மாச சம்பளம், எந்த தேதிக்குள்ள, இன்ஷூரன்ஸ் எத்தனை மாசம் நீட்டிப்பு, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்ல என்ன எழுதுவாங்க, அடுத்த கம்பெனில இருந்து விசாரிச்சா என்ன சொல்லுவாங்க, இதெல்லாம் எழுத்துல வந்த அப்பறம் போடுங்க. போடறப்ப "சொந்த காரணங்களுக்காக"ன்னு எழுத சொல்லுவாங்க. "நிர்வாகம் கேட்டுக்கொண்டதால்"னு எழுதுங்க, அதுக்கு அவங்க ஒத்துக்கலைன்னா தொகையை ஏத்த சொல்லுங்க.

லேபர் ஆபீஸுக்கு போறவங்க வக்கீல் இல்லாமலே முதல் மனு குடுக்கலாம், வெள்ளைத் தாள்ல எழுதுனா போதும், சேர்ந்த தேதி, வேலை, கடைசி சம்பளம், என்ன நடந்துச்சு, என்ன வேணும். சமரச அதிகாரி கம்பெனிய கூப்பிட்டு பேசுவாரு. 45 நாள் ஆகியும் முடியலைன்னா நீங்களே நேரா வழக்கு போடலாம், அரசு அனுப்பி வெக்கணும்னு காத்திருக்க வேண்டியதில்ல. தனியா போறதை விட அதே லிஸ்ட்ல இருக்கற நாலு பேரா சேர்ந்து போனா பலம் அதிகம், அதுக்கு மெயில் லாக் ஆகறதுக்கு முன்னாடியே ஒருத்தர் நம்பர் ஒருத்தர்கிட்ட இருக்கணும். இன்னிக்கே வாங்கி வெச்சுக்கங்க.